பழைய பலகைக் கணினியைப் பரீட்சித்து வாங்கும் முறை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கையால் எழுதுவதற்கும் விண்ணப்பப் படிவங்களைப் பூர்த்தி செய்வதற்கும் உதவக்கூடிய பலகைக் கணினிகள் இரண்டை நமது சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து வாங்கலாமா, வாங்குவதாயின் புதிதாக வாங்குவதா, அன்றி ஒருவர் உபயோகித்துக் கைமாறி வந்ததை வாங்குவதா என்னும் விஷயம் இப்போது சபையின் ஆலோசனையில் இருக்கின்றது. டேப்லெட் என்றும், சுருக்கமாக டேப் என்றும் நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் அக் கருவியைப்பற்றி நாமறிந்த அளவில் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கிறோம். பொதுப் பணம் செலவாகும் காரியமாதலின், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதன் நன்மை தீமைகளை அறிந்து முடிவு செய்தல் நலம்.

இந்நாளில் விண்ணப்பமின்றி நடக்கும் காரியம் யாது? பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க ஒரு படிவம். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தனித்தனிப் படிவங்கள். கல்வி உதவித்தொகை, கல்விக்கடன், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொன்று. எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார்களும், அழகான கையெழுத்துடைய பெரியவர்களும், விசைப்பலகையில் தட்டத் தெரியாத ஒரே காரணத்தால், கடையொன்றின் முன் வரிசையில் நின்று, தம் குடும்பத்து வருமானத்தையும் கடனையும் வியாதியையும் பலர் கேட்கும்படி உரக்கச் சொல்லி எழுதிக்கொள்ள நேரிடுகிறது. கொடுக்கும் கூலி சிறிது. இழக்கும் மானம் பெரிது. தன் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதும் சுதந்திரம் ஒருவருக்கு இருத்தல் வேண்டும். நம் சங்கத்து அறையில் அதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டால், அது கல்வி நிதியின் நோக்கத்துக்கு முற்றும் இசைந்ததேயாகும்.

ஆட்சேபம் இரண்டு

கைப்பேசி எல்லாரிடமும் இருக்கும்போது பலகை எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அரசாங்கக் காகிதங்களெல்லாம் பெரும்பாலும் ஏ4 என்னும் அளவின. அதன் அகலம் 210 மில்லிமீட்டர். நீளம் 297 மில்லிமீட்டர். இக்காலத்துப் பெரிய கைப்பேசியின் திரை அகலமோ ஏறக்குறைய 70 மில்லிமீட்டரே. எனவே முழுத் தாளும் அதில் மூன்றிலொரு பங்காகச் சுருங்கித் தோன்றும். பெயர் எழுதும் கட்டம் எறும்பின் அளவாகிவிடும். பெரிதாக்கிக் காணின் ஒரு மூலை தெரியும். மறு மூலை மறையும். எந்த வினாவுக்கு எந்த விடை எழுதினோம் என்பதே மயங்கிப்போம். ஆகவே கைப்பேசி படிவத்தைப் பார்க்க உதவுமேயன்றி எழுத உதவாது.

பழையதை வாங்கி ஏன் அல்லற்பட வேண்டும், மலிவான புதியதொன்றை வாங்கினாலென்ன என்பது இரண்டாவது ஆட்சேபம். இது யோசிக்கத்தக்கதே. ஆயினும் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. பேனாவைத் திறம்பட உணரும் தன்மை திரையோடு சேர்த்து உள்ளே அமைக்கப்பட்ட ஓர் அங்கம். பிறகு விலைகொடுத்துச் சேர்க்கக்கூடியதன்று. மலிவாக விற்கும் புதுப் பலகைகளிற் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. விரலையே அவை அறியும். சில ஆண்டுகளுக்கு முன் நடுத்தர விலைக்கோ உயர்ந்த விலைக்கோ விற்ற பலகையில் அவ்வங்கம் இருக்கும். அது கைமாறி வரும்போது, பேனா அறியாத புதுப் பலகையின் விலைக்கே பேனா அறிந்த பழைய பலகை கிடைப்பதுண்டு. நம் காரியம் எழுதுவதேயாதலின், பழையதைத் தேடுவதற்கு நியாயமுண்டு.

பேனாவே பிரதானம்

ஏர் வாங்குகிறவன் கொழு இருக்கிறதா என்றுதானே முதலிற் பார்ப்பான்? அவ்வாறே பலகை வாங்குகிறவர் பேனாவை முதலிற் பார்த்தல் வேண்டும். பேனாக்கள் மூவகைப்படும்.

முதல் வகை, கடைகளிற் சொற்ப விலைக்குக் கிடைக்கும் ரப்பர் நுனிப் பேனா. இது விரலுக்குப் பதிலாள், அவ்வளவே. நுனி தடித்திருக்கும். எழுதும்போது உள்ளங்கை திரைமேற் பட்டால் அதையும் பலகை எழுத்தாகக் கொள்ளும். கையைத் தூக்கிக்கொண்டே எழுத வேண்டிவரும். ஒரு கையொப்பமிடலாம், ஒரு பக்கம் எழுத முடியாது.

இரண்டாம் வகை, மின்காந்த முறையில் இயங்கும் பேனா. திரைக்குப் பின்னால் உள்ள தகடொன்று மின்காந்த அலையை எழுப்ப, பேனாவினுள் இருக்கும் கம்பிச் சுருள் அந்த அலையிலிருந்தே சக்தி பெற்றுத் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கிறது. ஆதலால் எழுதுவதற்கு அப் பேனாவுக்குப் பாட்டரி வேண்டுவதில்லை. ஜப்பான் தேசத்து வாக்கம் கம்பெனியார் வளர்த்த முறை இது. ஸாம்ஸங் கம்பெனியாரின் எஸ் பென் இவ்வகையைச் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த காலக்ஸி டேப் எஸ்6 லைட் என்னும் பலகையோடு இப் பேனாவும் சேர்ந்தே விற்கப்பட்டது. 2022-லும் 2024-லும் அதன் திருத்திய பதிப்புகள் வந்தன. பத்து ஆண்டு கிடந்தாலும், நுனி தேய்ந்தாலன்றி இப் பேனா கெடுதற்கு அதிகக் காரணமில்லை, நுனியையும் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, தன்னுள் பாட்டரியைக் கொண்ட பேனா. ஆப்பிள் கம்பெனியாரின் பென்ஸில் இவ்வகையினது. எழுத்தின் நயத்தில் இதற்குக் குறைவொன்றுமில்லை. ஆயினும் பழைய பொருளாக வாங்குகிறவர் இரண்டு சங்கதிகளை அறிதல் வேண்டும். முதலாவது, பென்ஸில்களில் ஒன்றோடொன்று ஒவ்வாத பல வகைகள் உண்டு. விலை குறைந்த சாதாரண ஐபேட் வரிசையில் பென்ஸிலை ஏற்றது 2018-ஆம் ஆண்டின் ஆறாம் தலைமுறையே முதல். அது தொட்டு 2021-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைமுறை வரையில் உள்ளவை முதல் தலைமுறைப் பென்ஸிலை ஏற்கும். இரண்டாம் தலைமுறைப் பென்ஸிலை ஏற்கமாட்டா. விற்பவர் ஏதோ ஒரு பென்ஸிலைக் கையிற் கொடுத்து, இது பொருந்தும் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாமல், அவ்விடத்திலேயே எழுதிப் பார்க்க. இரண்டாவது, மாதக்கணக்கில் மின்னேற்றாமல் கிடந்த பென்ஸிலின் பாட்டரி பிழைத்தெழாமற் போவதுண்டு. பென்ஸிலின் விலையும் சொற்பமன்று. ஆகையால் பென்ஸில் இல்லாத ஐபேட்டின் விலையைப் பென்ஸிலோடு கூடிய வேறொரு பலகையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து மலிவென்று மகிழ்தல் கூடாது.

மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் ஸர்பேஸ் பலகைகளிலும் பாட்டரி உள்ள பேனாவே வழங்குகிறது. 2013-ஆம் ஆண்டின் முதலிரண்டு ஸர்பேஸ் புரோக்கள் மட்டும் வாக்கம் முறையின; 2014-ல் வந்த மூன்றாவது முதல் முறை வேறு. ஆதலால் ஒன்றின் பேனா மற்றொன்றுக்கு உதவாது. ஸர்பேஸ் ஆர்.டி. என்று 2012-ல் வந்த ஒரு பலகை இன்றும் மிக மலிவாக விலைக்கு வருவதுண்டு. பெயரில் ஸர்பேஸ் என்றிருந்தாலும், எழுதும் பேனாவை அது அறியாது. வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களும் அதில் ஓடா. பெயரைக் கண்டு மயங்குவோர் இதிலேதான் ஏமாறுவர்.

தாளும் திரையும்

திரையின் அளவை அங்குலத்தாற் சொல்வது வியாபார வழக்கம். அவ்வங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. நீள அகல விகிதத்தை அது காட்டாது. ஏ4 தாளுக்கு எத்திரை ஏற்றது என்பதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். எஸ்6 லைட்டின் திரை 10.4 அங்குலம், ஆனால் நீண்டு ஒடுங்கிய வடிவினது, அகலம் ஏறக்குறைய 136 மில்லிமீட்டர். அதில் ஏ4 தாள் நூற்றுக்கு 65 பங்கு அளவில் தெரியும். ஏழாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரையிலான ஐபேட்டின் திரை 10.2 அங்குலமே. ஆயினும் அதன் விகிதம் நான்குக்கு மூன்றாதலால், அதே தாள் நூற்றுக்கு 70 பங்கு தெரியும். அங்குலம் குறைந்தது, தாளோ பெரிதாயிற்று! 12.3 அங்குல ஸர்பேஸ் புரோவில் நூற்றுக்கு 82 பங்கு தெரியும். கண் மங்கிய பெரியவர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் பளுவும் அதிகம்.

கடையில் எளிதாகப் பரீட்சிக்கும் வழியும் உண்டு. நாம் அடிக்கடி எழுதும் ஒரு படிவத்தை முன்னரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு சென்று, வாங்கப்போகும் பலகைக்கு அனுப்பித் திறந்து பார்க்க. முழுப் பக்கமும் தெரியும் நிலையில் கண்ணாடி அணிந்த ஒருவர் அதிலுள்ள எழுத்தைச் சிரமமின்றி வாசிக்கக்கூடுமாயின் அத்திரை போதுமானது.

படிவங்களின் ஜாதி

விண்ணப்பங்களெல்லாம் ஒரே தன்மையுடையனவல்ல. எவ்வகை விண்ணப்பம் நம்மிடம் அதிகம் வருகிறது என்பதை அறியாமல் பலகை வாங்குவது, நிலம் புஞ்சையா நஞ்சையா என்று அறியாமல் விதை வாங்குவதை ஒக்கும்.

இணையதளத்தில் நேரே நிரப்ப வேண்டியது ஒன்று. இதில் எழுத்துக்களைத் தட்டியே இடவேண்டும். பேனாவால் எழுதியதை அச்செழுத்தாக மாற்றித் தரும் வசதி இருந்தால் பேனாவும் பயன்படும். ஆண்டிராய்டுப் பலகைகளில் கூகிள் கம்பெனியார் 2015-ஆம் ஆண்டிலேயே கையெழுத்தை அறிந்து மாற்றும் வசதியொன்றை வெளியிட்டனர். அது ஏற்ற மொழிகளில் தமிழும் ஒன்று. தட்டத் தெரியாத தாய்மார்களுக்கு இது வரப்பிரசாதம் எனலாம். ஆயினும் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தல் அவசியம். ஓர் எழுத்துப் பிழையால் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாகி அலைகின்றவர் எத்தனை பேர்!

பி.டி.எப். என்னும் கோப்பாக வருவது மற்றொன்று. இதனுள்ளும் பிரிவுண்டு. சிலவற்றில் எழுத வேண்டிய கட்டங்கள் தாமே அமைந்திருக்கும், தொட்டவுடன் எழுத்திடலாம். சிலவோ காகிதத்தை அப்படியே படம் பிடித்தவை. இவற்றின்மேல் பேனாவால் காகிதத்தில் எழுதுவதுபோலவே எழுதலாம். பேனாப் பலகையின் பெருமை விளங்குவது இங்கேதான். எழுதி முடித்தபின், எழுத்தும் படிவமும் ஒன்றாகும்படி அச்சுக்கு அனுப்பும் முறையிலே புதிய பி.டி.எப். கோப்பாகச் சேமித்து அனுப்புக. அன்றேல், சில வேளைகளில் பெறுபவர் வெறும் படிவத்தையே காண்பர். நம் எழுத்து அவர் கண்ணுக்குத் தோன்றாது.

மூன்றாவது ஒரு வகையுண்டு. இதுவே பலரையும் இடர்ப்படுத்துவது. எக்ஸ்.எப்.ஏ. என்னும் முறையில் அமைந்த பழைய பி.டி.எப். படிவங்களைக் கைப்பேசியிலோ, ஆண்டிராய்டுப் பலகையிலோ, ஐபேட்டிலோ திறந்தால், படிவத்துக்குப் பதிலாக, சற்றுக் காத்திருக்கவும் என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் மட்டும் தோன்றும். எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. பலகையில் பழுதொன்றுமில்லை, அம் முறையை அது அறியாது என்பதே காரணம். 2017-ல் வெளியான பி.டி.எப். இரண்டாம் பதிப்பின் விதிகளிலேயே அம் முறை கைவிடத்தக்கதெனக் குறிக்கப்பட்டது. இவ்வகைப் படிவமோ, யு.எஸ்.பி. சாவியில் உள்ள டிஜிட்டல் கையொப்பமோ அடிக்கடி வேண்டியிருக்கும் வியாபாரிகளுக்கு விண்டோஸ் கருவியே ஏற்றது.

கையொப்பத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. பலகையில் பேனாவால் இட்ட கையொப்பம் ஒரு படமேயன்றி, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கூறும் டிஜிட்டல் கையொப்பம் ஆகாது. அதை ஏற்பதும் மறுப்பதும் பெறுகின்ற அலுவலகத்தின் விதியைப் பொறுத்தது. உயில் எழுதுவோர் பலகையை நாடவே வேண்டாம். அச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை விலக்கியிருக்கின்றது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிடுதலும் வேண்டும். அது காகிதத்திலும் மையிலுமே இருக்கட்டும்.

வயதும் ஆயுளும்

பலகையின் உடல் கெடாமலிருக்க, அதன் ஆயுள் முடிந்துவிடுவதுண்டு. கம்பெனியார் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை நிறுத்திய பின், வங்கிச் செயலிகளும் அரசாங்கச் செயலிகளும் நாளடைவில் அதில் இயங்க மறுக்கும். ஆறாம் தலைமுறை ஐபேட் 2024-ல் வந்த ஐபேட் ஓ.எஸ். 18-ஐப் பெறவில்லை, ஏழாம் தலைமுறை 2025-ல் வந்த 26-ஐப் பெறவில்லை. ஆகவே இவ்வரிசையில் வாங்க விரும்புவோர் 2020-ஆம் ஆண்டின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை நாடாதிருப்பது நலம். ஒன்பதாவது கிடைத்தால் அதுவே உத்தமம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் ஸர்பேஸ் புரோக்கள் 2018-ஆம் ஆண்டின் ஆறாவது முதலானவையே. சிறிய ஸர்பேஸ் கோ வரிசையில் 2018-ன் முதற் பதிப்பு அதனை முறைப்படி ஏற்பதில்லை. 2020-ன் இரண்டாவது ஏற்கும். எஸ்6 லைட்டிலும் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பைவிட 2022, 2024-ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கு ஆயுள் அதிகம். பெயர் ஒன்றேயாதலால் எந்த ஆண்டினது என்பதைக் கேட்டறிந்தே விலை பேசுக.

சந்தையில் மாடு பிடிப்பதுபோல

நம் முன்னோர் சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பர். விற்பவர் முகத்துக்காகப் பரீட்சையைக் குறைத்துக்கொள்ளமாட்டார்கள். அம் முறையே இங்கும் வேண்டும். அரைமணி நேரம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில், பின்வரும் பரீட்சைகளைச் செய்க.

முதலாவதாக, பலகையைச் சமமான மேசைமேல் மல்லாத்தி வைக்க. ஆடினாலும், திரையின் ஓரம் சட்டத்தைவிட்டுச் சிறிதேனும் எழும்பியிருந்தாலும் உள்ளே பாட்டரி உப்பியிருக்கின்றது என்று கொள்க. அப்படிப்பட்டதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. அது தீப்பற்றவும் கூடும்.

இரண்டாவதாக, எழுதும் செயலியொன்றைத் திறந்து, திரை முழுவதையும் பேனாவால் வரிவரியாக நிரப்புக. எங்கேனும் ஒரு பட்டை வெறுமையாக நின்றால் அவ்விடம் உணர்விழந்தது. திரையை மாற்றி ஒட்டிய பலகைகளில் விரல் வேலை செய்யும், பேனா வேலை செய்யாமற் போவதுண்டு. விரலாற் பரீட்சித்துத் திருப்தியடையலாகாது.

மூன்றாவதாக, ஓர் அளவுகோலை வைத்து மூலைக்கு மூலை மெதுவாகக் கோடு இழுக்க. கோடு பாம்பு நெளிவதுபோல் நெளிந்தால் சிறிய எழுத்து செம்மையாக வராது. ஓரங்களிலும் எழுதிப் பார்க்க. கையொப்பக் கட்டம் பெரும்பாலும் தாளின் கீழோரத்தில் அல்லவோ இருக்கின்றது?

நான்காவது பரீட்சை தமிழ் எழுதுவோர்க்கே உரியது. உள்ளங்கையைத் திரைமேல் நன்றாக ஊன்றிக்கொண்டு, வழக்கமான வேகத்தில், புள்ளிகள் மிகுந்த வாக்கியமொன்றை எழுதுக. தம்பட்டம், சர்க்கரை, அர்ச்சகர் போன்ற சொற்கள் ஏற்றவை. பிறகு புள்ளிகளை எண்ணுக. சில பலகைகள் கோட்டைக் குறைவின்றி வாங்கிக்கொள்ளும். சடக்கென்று வைக்கும் புள்ளியை விட்டுவிடும். ஆங்கிலம் எழுதுவோர் அக் குறையை அவ்வளவாக உணரார். நமக்கோ புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிப் பெயரே மாறிவிடும். பத்துப் புள்ளியில் ஒன்று தவறினாலும் அப் பலகை நமக்கு வேண்டுவதில்லை.

ஐந்தாவதாக, பாட்டரியின் அளவைக் குறித்துக்கொண்டு, வெளிச்சத்தை முழுதும் ஏற்றி, இப் பரீட்சைகள் முடிந்தபின் மீண்டும் பார்க்க. அரைமணியில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு இறங்கினால் பாட்டரி தளர்ந்தது. மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுக. மின்னேற்றும் துளையிற் கம்பியைச் செருகி, அசைத்தாலும் ஏறுகின்றதா என்றும் பார்க்க.

பூட்டும் திருட்டும்

விலை மிக மலிந்திருக்கக் கண்டால், ஏன் மலிந்தது என்று கேட்பது விவேகம். ஐபேட் முந்திய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கோடு பூட்டுண்டிருக்கலாம். ஆண்டிராய்டுப் பலகை கூகிள் கணக்கோடு பூட்டுண்டிருக்கலாம். அக் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் அதனை அழித்துத் தொடங்கினால், பலகை வெறும் கண்ணாடித் தட்டாகிவிடும். பள்ளிகளும் கம்பெனிகளும் தம் மாணவருக்கும் சிப்பந்திகளுக்கும் கொடுத்த பலகைகளில் நிர்வாகப் பூட்டு வேறு இருக்கும். அழித்தபின்னும் அது திரும்ப வரும். ஆகையால் விற்பவரே நம் கண்முன் தம் கணக்கிலிருந்து விலகி, பலகையை முற்றும் அழித்து, முதலிலிருந்து தொடங்கி, நம் கணக்கு ஏறுவதைக் காட்டிய பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

ஸிம் இடும் பலகையாயின் அதற்கு ஐ.எம்.ஈ.ஐ. என்னும் 15 இலக்க எண் உண்டு. கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களை எழுதி, ஓரிடம் விட்டு, அவ்வெண்ணை இட்டு 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக் கருவியின் நிலையை இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாட்டில் அறியலாம். விற்பவரின் பெயர், விலாசம், கருவியின் எண் ஆகியவை கண்ட ரசீதொன்றும் வாங்கி வைக்க. சங்கத்தின் பணத்தில் திருட்டுப் பொருள் வந்து சேர்ந்தது என்னும் சொல் நமக்கு வரலாகாது.

பிறர் இரகசியம் நம் பொறுப்பு

இனி, நாம் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருவோம். சங்கத்துப் பலகையில் பலருடைய ஆதார் எண்ணும், வருமானமும், வங்கிக் கணக்கும் எழுதப்படும். கடை வாசலில் உரக்கச் சொல்லும் இழிவை நீக்க வந்த கருவி, அவற்றை உள்ளே சேர்த்துவைத்து வேறு வழியில் வெளிப்படுத்துமாயின் அதனினும் கேடு வேறில்லை. தனிமனிதர் விவரங்களைக் காக்கவென்றே 2023-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சட்டம் இல்லாவிடினும், நம்பி வந்தவர் இரகசியத்தைக் காப்பது நம் தருமம். ஆதலின் படிவம் அனுப்பியவுடன் அதன் பிரதியை உரியவர் கைப்பேசிக்கோ காகிதத்துக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டு, பலகையிலிருந்து நீக்குதல் வேண்டும். ஆதார் நகல் கேட்குமிடத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த நகல் போதுமாயின் அதனையே கொடுக்கலாம். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணை உரியவரே இடவேண்டும். உதவி செய்பவர் கேட்கவும் கூடாது. பலகைக்குப் பூட்டெண் இருக்கவேண்டும். அதனை அறிந்தவர் இருவர்க்கு மேற்படலாகாது.

நமது யோசனை

மேற்கூறியவற்றைக்கொண்டு நாம் சபையின் முன் வைக்கும் யோசனை இது. சங்கத்து அறைக்கு முதலில் ஒரே பலகை வாங்குவோம். பேனாவோடு சேர்ந்து வருவதும், பேனாவுக்கு மின்னேற்ற வேண்டாததும், தமிழ்க் கையெழுத்தை அச்செழுத்தாக்கக்கூடியதுமாகிய எஸ்6 லைட் போன்ற ஆண்டிராய்டுப் பலகை நம் தாய்மார்களுக்கும் மாணவர்க்கும் ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். தாள் சற்றுப் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றும், முதல் தலைமுறைப் பென்ஸில் நல்ல நிலையில் உடன் கிடைக்கின்றதென்றும் காணின், எட்டாம் அல்லது ஒன்பதாம் தலைமுறை ஐபேட்டும் குற்றமற்றதே. விண்டோஸ் பலகையை வியாபாரத் துறையில் உள்ள அங்கத்தினர் தத்தம் தேவைக்கு வாங்கிக்கொள்ளட்டும்; மாணவர் நிதியிலிருந்து அது வேண்டுவதில்லை.

விலையைத் தீர்மானிக்குங்கால் ஒரு வரம்பு கட்டிக்கொள்வோம். பலகையின் விலை, பேனாவின் விலை, உறை, பாட்டரி மாற்றவேண்டுமாயின் அதன் செலவு ஆகிய நான்கையும் கூட்டுக. அத்தொகை அதே வேலையைச் செய்யும் புதிய பலகையின் விலையில் பாதிக்கு உட்பட்டால் தயங்காது வாங்கலாம். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால், உத்தரவாதத்தோடு கிடைக்கும் புதியதே மேல். இடைப்பட்டதாயின் பாட்டரியின் நிலையும் ஆண்டும் பார்த்து முடிவு செய்க.

ஆறு மாத காலம் இப் பலகையை எத்தனை பேர் உபயோகித்தனர், எவ்வகைப் படிவம் மிகுதியாக எழுதப்பட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயரின்றி எண்ணிக்கை மட்டும் குறித்து வருவோம். பயன் மிகுந்தால் இரண்டாவது வாங்கலாம். இல்லையேல் மிச்சப் பணம் ஏழைப் பிள்ளையின் புத்தகத்துக்கு உதவும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாற் போதும் என்று ஓர் அலுவலகம் சொல்லுமாயின் காகிதத்திலேயே எழுதுவோம். கருவி நமக்காக, நாம் கருவிக்காக அல்ல.

நம் மாணவச் செல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், சங்கத்து அறைக்கு வந்து பெரியவர்கள் பக்கத்தில் அமருங்கள். பேனாவை அவர்கள் கையிலிருந்து வாங்கி நீங்கள் எழுதாதீர்கள். அவர்கள் எழுத, நீங்கள் வழி காட்டுங்கள். இரண்டொரு முறை தடுமாறுவார்கள்; மூன்றாம் முறை தாமே எழுதுவார்கள். ஒருவர் தம் பெயரையும் தம் வேண்டுகோளையும் தம் கையாலேயே எழுதி அனுப்பும்போது அடையும் தைரியம் பிறர் எழுதிக் கொடுப்பதில் வாராது. அத் தைரியத்தை நம் குடும்பங்கள்தோறும் உண்டாக்குவதே இச் செலவின் பயன்.

ஐயங்களைக் கேட்பவர்க்கு இயன்றவரை விடையளிக்கக் காத்திருக்கிறோம். சபையார் ஆலோசித்து நல்ல முடிவு செய்வார்களாக.